தானாக நின்ற வண்டி

அத்தியாயம் 17

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொன்னவர்கள் லூசியானாவில் காருக்கு இன்ஷூரன்ஸ் கட்டிப் பார்த்ததில்லை.

அதுவும் மின்சாரக் காராக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். வருஷம் தவறாமல் புயல். உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்தால் பேட்டரி போச்சு, பேட்டரி போனால் வண்டியே போச்சு. சாலைக்குச் சாலை விளம்பரப் பலகையில் பல்லைக் காட்டும் விபத்து வக்கீல்கள் வேறு. கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டன. மிச்சமிருப்பவர்கள் வைத்ததுதான் விலை.

ஹோமா நகரத்து இன்ஷூரன்ஸ் ஏஜென்சியில் உட்கார்ந்து ரெனேல் இந்தப் பாட்டைத்தான் தினமும் வாடிக்கையாளர்களிடம் பாடிக்கொண்டிருக்கிறாள். இன்று அவள் முன்னால் திரையில் இருந்தது சொந்த அப்பா அம்மாவின் பாலிசி. புதுப்பிக்க இன்றே கடைசி நாள்.

"மிஸ் லோரேன், இதைக் கொஞ்சம் பாருங்க. ஆறு மாசத்துக்கு ஆயிரத்து எண்ணூறு டாலர் கட்டிட்டிருந்தாங்க. இப்ப ரெண்டாயிரத்து எழுநூறு கேக்குது."

ஏஜென்சியின் முதலாளியம்மா மிஸ் லோரேன் கையிலிருந்த டோநட்டைக் கீழே வைக்காமலே எட்டிப் பார்த்தாள்.

"உங்கப்பா என்ன, பந்தயமா ஓட்டறாரு? திடீர் பிரேக்குன்னு வரிசையா விழுந்திருக்கே!"

"கரன்ட் வண்டின்னா அப்படித்தான் மிஸ் லோரேன். பெடல்லருந்து காலை எடுத்தாலே போதும், வண்டி தன்னைத்தானே இழுத்துப் பிடிச்சு நிக்கும். ஓடற வேகத்தைக் கரன்ட்டா மாத்தி பேட்டரிக்கே திருப்பி அனுப்புது. கண்ணாடியில நாம ஒட்டற கருவிக்கு அது எங்க தெரியுது? யாரோ பிரேக்கை மிதிச்சிட்டாங்கன்னு போட்டுக் குடுத்துடும்."

"அப்படின்னா ஊர் முழுக்கல்ல புள்ளி இருக்கணும்? இது எல்லாம் ஒரே இடத்துல இருக்கே, ஷா."

ஷா என்றால் கண்ணு, செல்லம். மிஸ் லோரேனுக்கு எல்லோரும் ஷாதான், பணம் கட்டாதவர்கள்கூட.

ரெனேல் வரைபடத்தைப் பெரிதாக்கினாள். பாயு என்கிற சதுப்பு நீரோடையின் கரையோடு போகும் சாலை. பழைய இறால் கொட்டகையைத் தாண்டி அந்தச் சாலை சட்டென்று இடப்பக்கம் திரும்பும் இடம். அங்கே சிவப்புப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கிடந்தன.

அந்த வளைவில்தான் அவள் தம்பி ஜூட் செத்தான்.

தொடர்ந்து படிப்பவர்களுக்கு அந்த இடம் தெரியும். போன வருஷம் புயல் கரையேறுவதற்கு முந்தின சாயங்காலம், காற்று மட்டும் வீசிக்கொண்டிருந்தது, மழை இன்னும் வரவில்லை. ஜூட் தன் மின்சாரக் காரில் கிளம்பி, தினமும் போய்வந்த அந்த வளைவில் திரும்பாமல் நேரே பாயுவின் தண்ணீருக்குள் போய்விட்டான். மறுநாள் வந்த போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "ரோட்டுல டயர் தடமே இல்லம்மா."

அம்மா வெர்னாவுக்கு அது போதுமாக இருந்தது. தடம் இல்லை என்றால் பிரேக் போடவில்லை. பிரேக் போடவில்லை என்றால் போட நினைக்கவில்லை. பிள்ளை விபத்தில் சாகவில்லை, தன்னை விட்டுவிட்டுப் போகவேண்டும் என்றே போனான் என்று முடிவு கட்டிக்கொண்டாள். அந்த முடிவை வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை. கல்லறைப் பக்கம் மட்டும் இன்றுவரை போகவில்லை.

அப்பா நோலன் செய்தது அதைவிட விசித்திரம். கம்பெனி கொடுத்த நஷ்ட ஈட்டில் அதே மாடல், அதே நிறத்தில் பழைய கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். கார் கம்பெனியில் ஜூடுக்கு இருந்த கணக்கிலேயே அதை இணைத்தார்கள். முதல் தடவை கதவைத் திறந்ததும் ஓட்டுநர் இருக்கை தானாகப் பின்னால் நகர்ந்தது. அவன் நீளக் கால்களுக்கு என்று அந்தக் கணக்கு வைத்திருந்த அளவு அது. படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த வெர்னா, "அந்தப் பொணத்தை நான் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இரண்டு மாசத்துக்கு முன்னால் சாப்பாட்டு மேசையில் அவள் இறுதியாகச் சொல்லிவிட்டாள். எல்லாப் பரிசுத்தவான்கள் திருநாளுக்குள் வண்டி விற்கப்படவேண்டும். இல்லையென்றால் அவள் மார்கன் சிட்டியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள்.

அந்தத் திருநாள்தான் இன்று. நவம்பர் முதல் தேதி. மத்தியானத்தோடு ஆபீஸ் மூடிவிடும். ஊரே கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போயிருக்கும்.

"போய் உங்கப்பாவைக் கேளு," என்றாள் மிஸ் லோரேன். அவள் குரலில் இப்போது கேலி இல்லை. "பணம் கட்டறதை அப்புறம் பாத்துக்கலாம்."

*

வீடு தூண்களின்மேல் நிற்கிறது. வெள்ளம் வந்தால் கீழே ஓடிப்போகட்டும் என்று கட்டியது. அந்தத் தூண்களுக்கு நடுவேதான் கார் நிற்கும். ரெனேல் வந்தபோது நோலன் சார்ஜ் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். படகில் கயிறு சுருட்டிப் பழகிய கை; வயரும் அதே வட்டத்தில் அழகாக அடங்கியது.

"அப்பா, அந்த வளைவுக்கு எதுக்குப் போறீங்க?"

"எந்த வளைவு?"

"அப்பா!"

"யார் சொன்னா உனக்கு?"

"வண்டிதான் சொல்லுச்சு. கண்ணாடியில ஒட்டியிருக்கே, அது என்னன்னு நினைச்சீங்க?"

"லீவில் ஊருப் பாலத்துக்குச் சுங்கம் கட்டற வில்லை. நீதானே ஒட்டினே?"

"அது இன்ஷூரன்ஸ் கருவிப்பா. பதவிசா ஓட்டினா தள்ளுபடி. நீங்க எங்க போறீங்க, எங்க சடக்குன்னு நிக்கறீங்க, எல்லாத்தையும் கம்பெனிக்குச் சொல்லிடும்."

நோலன் கொஞ்ச நேரம் கண்ணாடியையே பார்த்தார்.

"அப்ப பாலத்துக்கு?"

"அதுக்குத் தனியா பில் வரும்."

"அடக் கடவுளே! வந்துட்டேதான் இருக்கு. ஏமாத்தறானுங்கன்னு நான் கிழிச்சுக் கிழிச்சுப் போட்டுட்டிருந்தேன்."

இன்னொரு நாளாக இருந்தால் ரெனேல் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள். அவர் அவளைப் பார்க்காமல் வயரை ஆணியில் மாட்டினார்.

"ஜூட் ஓட்டினது இதே வண்டி. இதே டயரு. நான் அந்த எடத்துல முப்பதுல வருவேன், நாப்பதுல வருவேன், பலம் இருக்கிற மட்டும் பிரேக்கை மிதிப்பேன். எறங்கி டார்ச் அடிச்சுப் பாப்பேன். விடிஞ்சப்புறம் இன்னொரு தடவை போய்ப் பாப்பேன். ஒரு கோடு விழல, ரெனேல். ஒரு தடவைகூட விழல. இந்த வண்டி அப்படித்தான் நிக்குது. அந்தப் போலீஸ்காரன் எங்க காலத்து லாரியை மனசுல வச்சுக்கிட்டுப் பேசிட்டான்."

"இதைப் பாக்கத்தான் இந்த வண்டியையே வாங்கினீங்களா?"

"வேற எதுக்கு? எனக்கென்ன இந்த வயசுல கரன்ட் வண்டி ஆசையா?"

"அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே!"

"எப்படிச் சொல்றது? அவ மனசுல என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவளுக்கும் தெரியும். ஆனா ஒருத்தரும் இன்னும் வாயால சொல்லல. 'தடம் விழாது வெர்னா'ன்னு நான் ஆரம்பிச்சா அந்த வார்த்தையும் கூடவே வந்துடுமே." அவர் கழுத்தைத் தடவிக்கொண்டார். "வந்துட்டா அப்புறம் வீட்டை விட்டு வெளிய அனுப்ப முடியாது."

ரெனேலுக்கு அப்பாவைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலிருந்தது. ஆனால் இன்ஷூரன்ஸ்காரியின் புத்தி ஒரு பக்கம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சரிப்பா. போன மாச நடுவுல மூணு தடவை போயிருக்கீங்களே, அப்ப மட்டும் ஏன் அவ்வளவு வேகம்? அறுபது மைல்ல வந்து நின்னிருக்கு."

"போன மாச நடுவுலயா?"

"ஆமா."

"அப்ப நான் இங்க இல்லையே. படகுல இருந்தேன். கோகோட்ரி துறைக்கு வெளியே கடல்ல, பதினஞ்சு நாள்."

இரண்டு பேரும் காரைப் பார்த்தார்கள். அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது.

நோலன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அந்தச் சதுப்பு நிலத்தில் பிறந்தவர்களுக்குக் கொள்ளிவாய்ப் பிசாசைத் தனியாக அறிமுகப்படுத்தவேண்டியதில்லை. ஞானஸ்நானம் இல்லாமல் செத்தது, வேளை வராமல் செத்தது எல்லாம் நீர்மேல் விளக்குப் பிடித்துக்கொண்டு அலையும், பின்னால் போகிறவனைத் தண்ணீருக்குள் இழுத்துவிடும் என்று கேட்டே வளர்ந்தவர்கள்.

"அவன்தான்," என்றார் மெதுவாக. "கதவைத் தொறந்தா சீட்டு பின்னால போகுதே, அப்பவே நினைச்சேன்."

"செத்தவன் எதுக்குப்பா இன்ஷூரன்ஸை ஏத்தி விடறான்?" என்று ரெனேல் கத்திவிட்டாள். கத்தியது பயத்தில்தான். "அம்மா எங்க?"

"அதான் எனக்கும் புரியல. காலைலயே சுண்ணாம்பு வாளியையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கிட்டு நடந்தே கெளம்பிட்டா."

"கல்லறைக்கா? அம்மாவா?"

"ஆமாங்கறேன். போகும்போது சொல்றா, கடல்ல ஏதோ புயல் தெரியுதாம், வண்டிக்கு நிறைய சார்ஜ் ஏத்தி வைன்னு. ஒரு வருஷமா இந்த வண்டியைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொல்லாதவ! நான் எப்பவும் ஜூட் சொன்ன மாதிரி எண்பதோட நிறுத்திடுவேன். இன்னைக்கு நூறு."

எண்பது. அந்தச் சொல்லைக் கேட்டதும் ரெனேலுக்கு மேசையில் உட்கார்ந்திருக்கும் ஜூட் ஞாபகம் வந்தான். அம்மா கும்போ குழம்பை அகப்பை அகப்பையாக அவன் சோற்றின்மேல் ஊற்ற, தட்டைக் கையால் மறைத்துக்கொண்டு, "எண்பது போதும்மா. எனக்கும் எண்பது, என் வண்டிக்கும் எண்பது. வயித்துல கொஞ்சம் எடம் இருந்தாத்தான் ரெண்டும் சொன்ன பேச்சு கேக்கும்" என்பான். அம்மா கேட்கவே மாட்டாள். நூறு ஆகும்வரை ஊற்றுவாள்.

"வாங்கப்பா, கல்லறைக்குப் போகலாம். வண்டியைத் திறங்க."

"என் சாவி அட்டை மேல ரூம்ல சட்டைப் பையில இருக்கு. சமையலறை ஆணியில இன்னொண்ணு தொங்குது பாரு, அதை எடுத்துட்டு வா."

அந்த இரண்டாவது அட்டையை யாரும் எடுத்து ரெனேல் பார்த்ததில்லை. புனித யூதா படத்துக்குக் கீழே, தீர்த்தக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், வாங்கின நாளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. ரெனேல் அதைக் கொண்டுவந்து கதவில் வைத்தாள்.

கதவு திறந்தது. இருக்கை நகர்ந்தது. பின்னால் அல்ல, முன்னால். மெல்லிய முனகலோடு முன்னால் வந்து, கொஞ்சம் உயர்ந்து, ஸ்டீயரிங்குக்கு வெகு பக்கத்தில் நின்றது. அந்த அட்டையோடு கடைசியாக ஓட்டியவருக்கு என்று வண்டி வைத்திருந்த அளவு அது.

அப்பா ஆறடி. ரெனேல் உயரத்தில் அவரைக் கொண்டு பிறந்தவள். ஜூடும் அப்படித்தான். அந்த இருக்கையில் அந்த நிலையில் உட்காரக்கூடிய குள்ளமான ஆள் அந்த வீட்டில் ஒருத்திதான்.

அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அறுபது மைல் வேகம் என்று திரையில் பார்த்தது ரெனேலின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

"நான் ஓட்டறேன்," என்றார் நோலன். படியேறிப் போய்த் தன் அட்டையை எடுத்துவந்தார். இருக்கை பின்னால் போனது.

வழியில் அவர் ஒரே ஒரு தடவைதான் பேசினார். "இன்னைக்கு இது பிடிக்க மாட்டேங்குது. வழுக்கிட்டே போகுது. மெக்கானிக்கிட்ட பிரேக்கைக் காட்டணும்."

ரெனேலின் காதில் அது விழுந்தது; மனதில் விழவில்லை.

*

கல்லறைத் தோட்டம் வெள்ளை வெளேரென்று கண்ணைப் பறித்தது. தண்ணீர் ஊறும் மண் என்பதால் அங்கே கல்லறைகள் எல்லாம் தரைக்கு மேலேதான். காலையிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து தேய்த்துக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி ஜாடிகளை வைத்துவிட்டு, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்கள். இருட்டினதும் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். தூரத்து வரிசையில் பாதிரியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார்.

வெர்னா முழங்கால் போட்டு ஜூடின் கல்லறைக்கு அடிப்பக்கம் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கல்லறைக்காரிகள் அவளைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வருஷம் பிள்ளையை எட்டிப் பார்க்காதவள் இன்று வந்திருக்கிறாள் என்பது அவர்கள் சாண்ட்விச்சுக்கு நல்ல ஊறுகாயாக இருந்திருக்கும்.

"வந்துட்டீங்களா? அந்த மூலையைப் பாரு நோலன், என்ன மாதிரி பாசி! ஒரு வருஷமா என்ன பண்ணிட்டிருந்தே நீ?"

"வெர்னா..."

"எனக்குத் தெரியும், உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்ல. நானே வரல."

ரெனேல் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்க அவளுக்குத் தெம்பில்லை.

"அம்மா, அப்பா கடலுக்குப் போயிருந்தப்ப வண்டியை எடுத்தியா?"

பிரஷ் நின்றது.

"யாரு சொன்னா?"

"வண்டி."

வெர்னா தலையை ஆட்டிக்கொண்டாள். கோபம் வரவில்லை. பிரஷ்ஷை வாளியில் போட்டுவிட்டு இரண்டு கையையும் மடியில் துடைத்தாள்.

"எடுத்தேன். பொய் சொல்றதுக்கு இது எடமில்ல. அவன் போன எடத்துக்கு நானும் போயிடலாம்னுதான் எடுத்தேன். என்னை விட்டுட்டுப் போற அளவுக்கு நான் என்னடா பண்ணேன்னு அவன்கிட்டயே கேட்டுடலாம்னு."

நோலன் கல்லறையின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஈரச் சுண்ணாம்பு அவர் காற்சட்டை முழுக்க ஒட்டிக்கொண்டது.

"வளைவு கிட்ட வந்ததும் பயந்துட்டேன். தண்ணி தெரிஞ்சுது. அவ்வளவுதான், காலை எடுத்துட்டேன். பிரேக்கை நான் தொடவே இல்ல. சத்தியமா தொடல. வண்டி..." அவள் குரல் இறங்கியது. "வண்டியை யாரோ பிடிச்சு நிறுத்தினாங்க. பின்னாலருந்து தோளைப் பிடிச்சு இழுக்கற மாதிரி. பொலபொலன்னு அழுதுக்கிட்டு உக்காந்திருந்தேன். என் பிரமையோன்னு மறுநாள் போனேன். அப்பவும் நிறுத்தினான். அதுக்கப்புறமும் ஒரு தடவை. மூணு தடவையும் என்னை நிறுத்தினான் நோலன்."

வெர்னா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்களே சொல்லுங்க. தானா சாகணும்னு போனவன் என்னை எதுக்குத் தடுக்கப் போறான்? 'வா'ன்னுதானே கூப்பிடுவான்? என் பிள்ளை வேணும்னு போகல. ஏதோ ஆயிடுச்சு. அதைச் சொல்றதுக்காக அந்த வண்டியில இருக்கான்." அவள் ஈரமான கல்லை உள்ளங்கையால் தொட்டாள். "இவ்வளவு நாள் அவனைப் பத்தித் தப்பா நினைச்சதுக்கு மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்."

ரெனேல் நிமிர்ந்தாள். அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். காலை எடுத்தால் இந்த ரக வண்டி எல்லாமே தானாக நிற்கும் என்று அவருக்கும் தெரியும். அவர் மிக மெல்லத் தலையை ஆட்டினார். சொல்லாதே.

பேய் இல்லை அம்மா, அது மோட்டார் என்று எந்த மகள் சொல்வாள்? ஒரு வருஷம் கழித்து அம்மா தன் பிள்ளையின் கல்லறையைத் தொட்டிருக்கிறாள்.

"இன்ஷூரன்ஸ் எவ்வளவு கேக்கறான்?" என்றாள் வெர்னா.

"ரெண்டாயிரத்து எழுநூறு."

"கட்டு. என் பிள்ளை இருக்கிற வண்டி. கேக்கறதைக் கட்டு." மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். "வாங்க ரெண்டு பேரும். நான் சொன்னா நம்ப மாட்டீங்க, காட்டறேன்."

"இப்ப வேண்டாம்மா."

"இப்பத்தான். பாதிரியார் நம்ம வரிசைக்கு வர்றதுக்குள்ள வந்துடலாம். அட்டையை யார் வச்சிருக்கீங்க?"

*

ரெனேலின் கையிலிருந்த இரண்டாவது அட்டையைக் கதவில் வைத்ததும் இருக்கை வெர்னாவுக்காக முன்னால் வந்தது. நோலன் அவள் பக்கத்தில் ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டார். அவர் கண்களில் இருந்தது ரெனேலுக்குப் புரிந்தது. எங்கே போனாலும் இந்தத் தடவை அவளைத் தனியாக விடுவதாக இல்லை. ரெனேல் பின்னால் ஏறினாள்.

வெர்னா ஒரு வருஷத்தில் இப்படி முகம் மலர்ந்து அவர்கள் பார்க்கவில்லை. கையில் சுண்ணாம்பு, கன்னத்தில் சுண்ணாம்பு. பாயுவின் கரும்பச்சைத் தண்ணீர் வலப்பக்கம் கூடவே வந்தது. படகுகள் சும்மா நின்றன. காற்று எழும்பத் தொடங்கியிருந்தது.

"வேகமாப் போகாதே வெர்னா."

"முப்பதுதான். பேசாம பாரு."

பழைய இறால் கொட்டகை வந்தது. அதன் துருப்பிடித்த கூரை பின்னால் போனது. முன்னே சாலை திரும்பியது. அதற்கு நேரே புல், புல்லுக்கு அப்பால் தண்ணீர்.

வெர்னா பெடலிலிருந்து காலை எடுத்து, தரையில் ஊன்றிக் காட்டினாள்.

"இதோ. இப்ப பாருங்க," என்றாள்.

வண்டி பிடிக்கவில்லை. அது பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போனது. வெர்னா சிரித்த முகத்தோடு காத்திருந்தாள். வளைவு வந்தது, அவள் திருப்பவில்லை, அவன் நிறுத்துவான் என்று ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி காத்திருந்தாள்.

"அம்மா, பிரேக்!"

ரெனேல் அலறினாள். நோலன் ஸ்டீயரிங்கை எட்டிப் பிடித்தார். வெர்னாவின் கால் எதையோ தேடி, கிடைத்ததை மிதித்தது. வண்டி புல்லில் குதித்து நின்றது. முன் கண்ணாடியில் வானமும் தண்ணீரும் மட்டுமே தெரிந்தன.

நோலன் பழக்க தோஷத்தில் திரும்பிச் சாலையைப் பார்த்தார். தடம் இல்லை.

"இன்னைக்கு அவன் வரல," என்றாள் வெர்னா. குழந்தைக் குரலாக இருந்தது. "ஏன் வரல? மன்னிப்புக் கேட்டேனே. சுண்ணாம்புகூட அடிச்சேனே."

ரெனேலின் கண் வண்டித் திரையில் இருந்த பச்சை சார்ஜ் எண்ணில் போய் நின்றது. தொண்ணூற்றொன்பது.

எத்தனை வாடிக்கையாளர்களுக்கு அவளே சொல்லியிருக்கிறாள்! பேட்டரி முழுக்க நிரம்பியிருந்தால், திரும்பி வரும் கரன்ட்டுக்கு உள்ளே இடம் கிடையாது. இடம் இல்லையென்றால் வண்டி தன்னைப் பிடித்துக்கொள்ளாது. காலை எடுத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். வயித்துல எடம் இருந்தாத்தான் சொன்ன பேச்சு கேக்கும் என்று ஜூட் தட்டை மறைத்துக்கொண்டு சொன்னது இதைத்தான்.

தினமும் எண்பதில் ஓட்டியவன். தினமும் இந்த வளைவில் பிரேக்கைத் தொடாமல் காலை மட்டும் எடுத்துத் திரும்பியவன். அவன் கால் அதற்கே பழகிப்போயிருந்தது. ஒரே ஒரு நாள், புயலுக்கு முந்தின நாள், வண்டி பிடிக்கவில்லை.

அவன் போகவில்லை. அவன் நிற்கத்தான் பார்த்தான்! அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கிச் சொல்லிவிடவேண்டும். பேயும் வேண்டாம், பிரமையும் வேண்டாம், உன் பிள்ளை உன்னை விட்டுப் போகவில்லை என்பதற்கு இதோ கண்ணெதிரே சாட்சி. ஒன்றை மட்டும் உறுதி செய்துகொண்டால் போதும்.

"அம்மா! ஜூட் கிளம்பின அன்னைக்கு வண்டியில எவ்வளவு சார்ஜ் இருந்துச்சு? உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? நிறைய இருந்துச்சு," என்றாள் வெர்னா, தண்ணீரையே பார்த்துக்கொண்டு. "புயல் வருதே, நடுவழியில கரன்ட் போனா எங்க போய் நிப்பான்? அவன் எண்பது போதும் எண்பது போதும்னுதான் சொன்னான். நான்தான் விடல. நீதான் நிறையத் தின்ன மாட்டேங்கறே, உன் வண்டிக்காவது வயிறு நிறையட்டும்டான்னு, பக்கத்துலயே நின்னு நூறு ஆகற வரைக்கும் அனுப்பல."

நோலன் மெதுவாகத் திரும்பி மகளைப் பார்த்தார். கல்லறைக்குப் போகும் வழியில் வண்டி வழுக்கியது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. அவர் முகம் வெளுத்தது.

ரெனேல் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

வெர்னா கன்னத்துச் சுண்ணாம்பைப் புறங்கையால் துடைத்தாள். முன் கண்ணாடிக்கு மேலே இருந்த சின்னக் கண்ணாடியில் மகளின் முகத்தைத் தேடிப் பிடித்தாள்.

"ஏன்டி கேக்கறே?"